சேதுபதி எழுதுவித்த சுவர்கள்

இலங்கையின் கேகாலைப் பகுதியிலுள்ள கரவனெல்லயில் இருப்பவர்களுக்கு, ஒரே கட்டடம் தன் ஆயுட்காலத்தில் வெவ்வேறு உத்தியோகங்கள் பார்க்கும் என்பது தெரியாத விஷயமன்று. அண்டையூரான ருவன்வெல்லயில், கண்டி இராச்சியத்தைக் கைக்கொண்ட ஆங்கிலேயர் தங்கள் சேனையை நிறுத்தி வைத்த கோட்டை, சேனைக்கு அங்கே வேலையில்லாமற்போன பிற்காலத்தில் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் வாடிவீடாக மாறி, துப்பாக்கி ஏந்தியவர்கள் காவல் நின்ற வாசலின் வழியாகவே பிரயாணிகள் தேநீர் அருந்தப் போய்வரும்படி ஆயிற்று. இத்தகைய மாறுதல்களைப் பார்த்து, ஐயோ, எப்படி இருந்த இடம் இப்படி ஆயிற்றே என்று நாம் வருந்துவதுண்டு. ஆனால் பழைய கட்டடங்களில் இன்றைக்கு நிற்பவை எவை, விழுந்தவை எவை என்று ஒரு கணக்குப் பார்த்தால், உபயோகம் மாறிக்கொண்டே வந்தவைதாம் பெரும்பாலும் நின்றிருக்கின்றன என்பதும், ஒரே காரியத்துக்கென்று எழும்பி அந்தக் காரியம் தீர்ந்ததும் பூட்டிப் போடப்பட்டவை கல்லும் மண்ணுமாய்ப் போயின என்பதும் விளங்கும். இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்பதோடு, தன் சுவர் முழுவதும் சித்திரங்களைத் தாங்கித் தன் கதையைத் தானே சொல்லும் பாக்கியமும் பெற்ற ஒரு மாளிகை, நம் பாட்டன் பூட்டன்மார் இத்தேசத்துக்கு வந்த வழியிலேயே இருக்கிறது. இராமநாதபுரம் அரண்மனையைச் சேர்ந்த இராமலிங்க விலாசமே அது.

வந்த வழி என்று சொன்னது அலங்காரத்துக்காக அன்று. கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் றப்பர்த் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிமார் திரட்டி வந்த ஜனங்களில் இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளைச் சேர்ந்தவர்கள் கணிசமானோர். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், போட் மெயில் என்று நம் பெரியவர்கள் வாய் நிறையச் சொல்லும் அந்த வண்டி மானாமதுரையைத் தாண்டி இராமநாதபுரம் ஸ்டேஷன் வழியாகவே மண்டபத்துக்குப் போயிற்று. மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, பெயர் பதியப்பட்டுக் கடல் தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர், 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அதே மண்டபத்தில் போய் இறங்கினார்கள். இப்படிப் போகையிலும் வருகையிலும் இலட்சக்கணக்கான நம்மவர் ஸ்டேஷன் பலகையில் படித்துவிட்டுக் கடந்துபோன ஊர் இராமநாதபுரம். அவ்வூரின் நடுவே, மூன்று நூற்றாண்டுக்கு முந்திய ஓர் அரசன் தன்னைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் வர்ணத்தில் எழுதுவித்த சுவர்கள் இருக்கின்றன.

சேதுபதிகள் என்போர் இராமேசுவரத்துச் சேதுவையும் அங்கே யாத்திரை வரும் ஜனங்களையும் காக்கும் கடமை பூண்ட மறவர் குலத்து அரசர்கள். மதுரை நாயக்கர்களுடைய ஆதரவால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டம் பெற்ற இவ்வம்சத்தார் முதலில் போகலூரைத் தலைநகராகக் கொண்டிருந்தார்கள். அந்நூற்றாண்டின் இறுதிக் கூற்றில் ஆண்ட இரகுநாத சேதுபதி, கிழவன் சேதுபதி என்று சரித்திரத்தில் பெயர் விளங்கியவர், தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றி, அங்கே கோட்டை கட்டி, அதனுள் இராமலிங்க விலாசத்தையும் எழுப்பினார். கீழக்கரையில் பெருவணிகராய் விளங்கிய வள்ளல் சீதக்காதி இத்திருப்பணிகளில் அவருக்கு உறுதுணையாய் நின்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சேதுவின் பெயரில் அரசுரிமை கொண்டாடும் வழக்கம் இலங்கைக் கரையிலும் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் நாணயத்தில் சேது என்ற சொல்லையே பொறித்தார்கள். இடையிலுள்ள நீரிணையின் இரு கரையிலும் அரசாள நினைத்தவனுக்கு இராமேசுவரத்தின் அருள் இன்றியமையாததாயிருந்தது.

இராமலிங்க விலாசம் உயர்ந்த மேடையின்மேல் அமைந்த நீண்ட கட்டடம். படியேறி உள்ளே புகுந்தால் முதலில் தூண்களும் வளைவுகளும் நிரம்பிய விசாலமான சபா மண்டபம். அதற்கப்பால் குறுகலானதொரு இடைப்பகுதி. அதையும் கடந்தால் உள்ளே ஒரு சதுர அறை. அதற்குமேல் மாடியில் அரசனுக்குரிய தனி அறை. கோயில்களின் மகாமண்டபம், அர்த்தமண்டபம், கர்ப்பக்கிருகம் என்ற வரிசை நமக்குப் பழக்கமானது. மாளிகையைக் கட்டியவர்கள் அவ்வரிசையையே மனத்தில் கொண்டிருந்தனர் என்று தோன்றுகிறது. இறைவன் இருக்குமிடத்தில் இங்கே அரசன் இருந்தான். ஆனால் அந்த அரசன் இராமலிங்கப் பிரபுவின் ஊழியன் என்பதை மாளிகையின் பெயரே சொல்லிவிடுகிறது. உள்ளே இராமர் பீடம் என்று ஒரு கல் மேடை உண்டு. இராமபிரான் சேதுக் காவலுக்கு முதல் சேதுபதியை நியமித்தபோது பட்டம் சூட்டியது இந்தப் பீடத்தின்மேல் என்பது ஐதீகம். சேதுபதிகள் அதன்மேல் அமர்ந்தே முடிசூடிக்கொண்டார்கள்.

சுவர்களில் சித்திரம் எழுதுவித்தவர் கிழவனுக்குப் பின் பட்டமேறி 1725 வரை ஆண்ட முத்து விஜய இரகுநாத சேதுபதி. இவருடைய காலத்தவை என்று துணிவதற்குச் சித்திரங்களே சாட்சி கூறுகின்றன. 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கரும், 1712 முதல் 1728 வரை தஞ்சையை ஆண்ட முதலாம் சரபோஜியின் மராட்டியச் சேனையும் அவற்றில் இடம் பெறுகின்றனர். இவ்வாறு ஒன்றோடொன்று பொருந்தும் பெயர்களைக் கொண்டுதான் காலம் நிர்ணயிக்கிறார்கள் சரித்திர ஆராய்ச்சியாளர்கள். தொல்லியல் அறிஞர் டாக்டர் இரா. நாகசாமி இச்சுவரோவியங்களை ஆராய்ந்து, அவற்றில் காணும் உடை, சபை நடைமுறை ஆகியவற்றில் முகலாய நாகரிகத்தின் சாயல் படிந்திருப்பதை எடுத்துக்காட்டினார்.

சுவர் நெடுகப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் கதையை வரிசைப்படி நடத்திச் செல்வதும், ஒவ்வொரு காட்சியின் அடியிலும் இன்னது இது என்று தமிழில் விளக்கம் எழுதி வைப்பதும் இந்தச் சித்திரிகரின் முறை. ஆதலால் சிறிது பொறுமையுடன் நிற்பவர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவராயிருந்தால் போதும், வழிகாட்டியின் துணையில்லாமலே சுவரைப் பின்தொடர்ந்து செல்லலாம். பெரும்பாலும் சிவந்த பூமி. அதன்மேல் கருங்கோட்டால் உருவெல்லை வகுத்து, மஞ்சளும் வெள்ளையும் பச்சையும் நீலமும் இட்டு நிரப்பிய உருவங்கள். பக்கவாட்டில் திரும்பிய முகங்களில் மீனின் வடிவாய் நீண்ட கண்கள். காவிக்கல்லிலிருந்து சிவப்பும் மஞ்சளும், சுண்ணாம்பிலிருந்து வெண்மையும், விளக்குப் புகைக்கரியிலிருந்து கருமையும் எடுத்துக்கொள்வது அக்காலத்துத் தென்னாட்டுச் சித்திரிகர்களின் வழக்கம்.

இவற்றுள் நெடுநேரம் நின்று பார்க்கத்தக்க காட்சி ஒன்று உண்டு. விஜயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதிக்கு இரத்தினாபிஷேகம் செய்வது அது. அமர்ந்திருப்பவர் சேதுபதி, அவருடைய சிரசின்மேல் இரத்தினங்களைச் சொரிபவர் மதுரை மன்னர். சேதுபதிகளுக்குப் பட்டம் அளித்ததே மதுரை நாயக்கர் வம்சம் என்பதை நினைவிற் கொண்டு இக்காட்சியைப் பார்க்க வேண்டும். கிழவன் சேதுபதி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையின் மேலாதிக்கத்தை உதறிவிட்டார். அவருக்குப் பின்வந்தவரோ, மேலாதிக்கம் செலுத்திய குலத்தின் அரசரே தம்மைக் கௌரவிப்பதாகச் சுவரில் எழுதுவிக்கிறார். பகைமை காட்டும் ஒரு கோடும் அதில் இல்லை. மரியாதை பெற்றதைச் சொல்வதன் மூலமே சுதந்திரத்தைச் சொல்லிவிடும் அந்த இராஜதந்திரத்தை வியக்காமலிருக்க முடியவில்லை.

இன்னொரு பக்கம் தொப்பியும் நீண்ட அங்கியும் தரித்த ஐரோப்பியர் அரசனுடைய சமுகத்துக்கு வந்து நிற்கின்றனர். முத்துச் சலாபத்தையும் கடற்கரை வியாபாரத்தையும் முன்னிட்டு ஒல்லாந்தர் சேதுபதிகளோடு அடிக்கடி உடன்படிக்கை செய்துகொண்ட காலம் அது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கொடி நாட்டி அதிகாரம் செலுத்திய அதே ஒல்லாந்தர் இங்கே வெகுமதியோடு காத்து நிற்பதைக் காண்பது இலங்கைத் தமிழனுக்குத் தனி உணர்ச்சி தரும். அரசர் உடுத்தியிருப்பது, உள்ளிருக்கும் மேனியின் நிறம் வெளியே தெரியுமளவு மெல்லிய துணியால் தைத்த நீண்ட ஜாமா. மராட்டியரோடு நடந்த யுத்தக் காட்சிகளில் யானையும் குதிரையும் பீரங்கியும் நெருங்கி மோதுகின்றன. மற்றோரிடத்தில், அரண்மனைக்குள் கோயில் கொண்டிருக்கும் இராஜராஜேசுவரி அம்மன் தன் திருக்கையாலேயே செங்கோலை அரசனுக்கு அளிக்கிறாள்.

இத்தனையையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்று புலனாகிறது. பொழுதுபோக்குக்காகவோ வெறும் அழகுக்காகவோ எழுதுவித்த சித்திரங்கள் அல்ல இவை. ஒரு சிற்றரசு தன் உரிமைகளைப் பதிந்துவைத்த சாஸனம். செங்கோலைத் தந்தவள் தெய்வம். கௌரவித்தவர் மதுரை வேந்தர். களத்தில் சந்தித்தது தஞ்சைச் சேனை. வாசலில் காத்திருப்பவர் கடல் கடந்து வந்த பரங்கியர். செப்பேட்டில் வெட்டிய சாஸனம் அதைப் பெற்றவனுடைய பெட்டகத்தில் போய் ஒடுங்கிவிடும். சுவரில் எழுதிய சாஸனத்தைச் சபைக்கு வந்த ஒவ்வொருவனும், தன் முறை வரும்வரை நின்றுகொண்டே, படித்தாக வேண்டும். எழுத்தறியாதவனுக்கு உருவமும் எழுத்தறிந்தவனுக்கு அடிக்குறிப்புமாக இரண்டையும் அமைத்தவர்கள், அதைப் படிக்கப்போகிறவர்கள் யார் என்று நன்கு யோசித்திருக்கிறார்கள்.

அரசியல் விஷயங்களுக்கு அப்பால், இராமாயணமும் பாகவதமும் சுவர்களில் விரிகின்றன. இராமகாதையில் பாலகாண்டத்துக்கே முதன்மை; தசரதனுடைய புத்திரகாமேஷ்டி முதல் சீதா கல்யாணமும் பரசுராம கர்வபங்கமும் வரையில் காட்சிகள் தொடர்கின்றன. சேதுவைக் காப்பவனுடைய வீட்டில் சேதுபந்தனம் அன்றோ பெரிதாய் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் அரசகுமாரன் பிறந்து, வித்தை கற்று, வில் வளைத்து, மணமுடித்து, தன்னினும் மூத்த வீரனை அடக்கி மீள்வதைச் சொல்லும் காண்டம் பாலகாண்டம். அரசனாவதற்குரிய தகுதிகளின் வரிசை அதில் முற்றுப்பெறுகிறது. அதனாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது என் எண்ணம். அந்தரங்கமான அறைகளிலோ விஷயமும் மாறுகிறது: அரசனுடைய ஜலக்கிரீடை, சங்கீத விநோதம், பெண்களின் உருவங்களையே பின்னிப் பிணைத்து யானையும் குதிரையுமாக அமைத்த விசித்திர வாகனங்கள். இவற்றைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்கத்தக்கவர் பார்க்கும் இடத்தில் பார்க்கத்தக்கதை வைத்த ஒழுங்கை அவர்கள் கவனிப்பதில்லை.

இங்கே கண்டிச் சீமையை நினையாதிருக்க இயலாது. தெகல்தொறுவை விகாரையில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் எழுதப்பெற்ற ஜாதகக் கதைச் சித்திரங்களைக் கண்டவர்கள், அங்கும் சிவந்த பூமியையும், கதையைப் பட்டை பட்டையாய் நடத்திச் செல்லும் முறையையும், அடியில் சிங்களத்தில் எழுதிய விளக்கங்களையும் கண்டிருப்பார்கள். அந்த அரசன் மதுரைச் சம்பந்தமுள்ள நாயக்கர் மரபினன். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. பொருள் வேறு, மதம் வேறு, எழுத்து வேறு. இருப்பினும் கடலின் இரு புறத்திலும் ஒரே நூற்றாண்டில் சுவரையே ஏடாகக் கொண்டு கதை சொல்லியவர்களின் கைமுறையில் உள்ள இந்த ஒற்றுமையை, இரு மொழியும் அறிந்த நம் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவர் ஆராய்வாரானால் அது பெரிய உபகாரமாகும்.

சித்திரம் எழுதுவித்த அரசர் 1725இல் மறைந்தார். அவர் பெண்மக்களைப் பற்றிய ஒரு பரம்பரைச் செய்தி, இராமேசுவர யாத்திரை போனவர்கள் காதில் விழுந்திருக்கும். யாத்திரிகர்களிடம் பாம்பனில் சுங்கம் வாங்கத் துணிந்த தம் மருமகனைச் சேதுபதி சிரச்சேதம் செய்வித்தார் என்றும், அவனுடைய மனைவியரான அரச குமாரிகள் இருவரும் உயிர் நீத்தனர் என்றும், அவர்கள் நினைவாக எழுந்த மடங்களின் பெயர்களே இன்றைய அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற ஊர்ப்பெயர்கள் என்றும் சொல்வார்கள். இராமலிங்க விலாசத்துச் சுவரில் இது இல்லை. அரசர்கள் எழுதுவிப்பது வேறு, ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வது வேறு.

பிறகு வந்த காலம் நல்ல காலமன்று. ஏறத்தாழ 1730இல் சிவகங்கை தனிச் சீமையாகப் பிரிந்தது. 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பினியாரின் படையும் கோட்டையைப் பிடித்து, இளவரசரையும் அரசியாரையும் திருச்சிக்குச் சிறை கொண்டு போயின. அந்த இளவரசரே பின்பு மீண்டும் பட்டமேறிய முத்துராமலிங்க சேதுபதி. அவரையும் 1795இல் கும்பினியார் பதவி நீக்கினர். 1809இல் சிறையிலேயே அவர் இறந்தார். அவர் பதவியிழந்தபின் சபா மண்டபத்தில் ஆங்கிலக் கலெக்டரின் குரல் கேட்கலாயிற்று. பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனை ஊர் ஊராக அலைக்கழித்த கலெக்டர் ஜாக்சன், முடிவில் 1798ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவரைப் பேட்டி கண்டது இந்த இராமலிங்க விலாசத்திலேதான். உட்கார ஆசனமும் கொடாமல் மணிக்கணக்கில் நிற்க வைத்து விசாரித்தபின் கைது செய்ய முயன்றதாகவும், அங்கே நடந்த கைகலப்பில் கிளார்க் என்ற இராணுவ அதிகாரி மாண்டதாகவும், கட்டபொம்மன் தப்பிச் செல்ல அவருடைய மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டதாகவும் சரித்திரம் கூறுகிறது. அரசனுக்கு முன்னே ஐரோப்பியர் காத்து நிற்கும் சித்திரம் எழுதி முக்கால் நூற்றாண்டுதான் கழிந்திருந்தது. அந்தக் கூரையின் கீழேயே ஐரோப்பியன் அமர்ந்திருக்கத் தமிழ்ப் பாளையக்காரன் நின்றான்.

1803இல் சமஸ்தானம் ஜமீனாயிற்று. சுதந்திரம் போன பிறகும் நவராத்திரி விழாவும் வித்துவான்களுக்கு மரியாதையும் நின்றுவிடவில்லை. விவேகானந்த சுவாமிகளின் சிக்காகோ பிரயாணத்துக்கு ஊக்கமளித்த பாஸ்கர சேதுபதி, சுவாமிகள் மேல்நாட்டிலிருந்து கொழும்பில் இறங்கி, கண்டி, அநுராதபுரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் உபந்நியாசங்கள் செய்துவிட்டு 1897 ஜனவரியில் பாம்பன் வந்து சேர்ந்தபோது, தாமே முன்னின்று வரவேற்று, ஜனங்களோடு சேர்ந்து அவருடைய வண்டியைக் கையால் இழுத்தார். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. இராமலிங்க விலாசம் 1970களின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை வசமாகி, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. வாள்களும் வளரி என்னும் எறிபடைகளும் பழைய சிலைகளும் சேதுபதிகளின் உருவப்படங்களும் சித்திரச் சுவர்களின் நடுவே வைக்கப்பட்டிருக்கின்றன. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் கதையும் இதற்கு நெருங்கியதே. சிதைந்து கிடந்த அதை 19ஆம் நூற்றாண்டில் சென்னைக் கவர்னர் நேப்பியர் பிரபு பழுது பார்ப்பித்தார். பின்பு நெடுங்காலம் நீதிஸ்தலம் அங்கே நடந்தது. வழக்குக்குப் போனவர்களின் காலடியால்தான் அம்மண்டபம் நமக்கு மிஞ்சிற்று என்றாலும் மிகையன்று.

ஆனால் கூரை நிற்பது வேறு, சித்திரம் நிற்பது வேறு. சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறினால், அதில் கரைந்துள்ள உப்பு மேற்பரப்புக்கு வந்து உறைந்து, வர்ணப் படலத்தை உள்ளிருந்தே தள்ளி உதிர்த்துவிடும். கடற்காற்று வீசும் இராமநாதபுரத்தில் இந்த உபத்திரவம் அதிகம். கூரை ஒழுகுவதை ஒரு மழைக்காலம் கவனியாது விட்டால் இருநூறு ஆண்டு நின்ற சித்திரமும் பொருக்காய் விழும். இவற்றைவிடக் கொடியது மனிதன் கை. கும்பாபிஷேகத் திருப்பணி என்ற பெயரில் தமிழ்நாட்டுக் கோயில்கள் எத்தனையோவற்றில் பழஞ்சித்திரங்களின்மேல் வெள்ளையடித்திருக்கிறார்கள். தூண்களை மணல் வீசித் தேய்த்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் பழைய விகாரைச் சித்திரங்களின்மேல் பளபளக்கும் புது வர்ணத்தைப் பூசிப் புண்ணியம் தேடிக்கொண்டவர்கள் உண்டு. மங்கிப்போன மூலத்துக்குள்ள மதிப்பில் நூற்றில் ஒரு பங்கும் அந்தப் புதுப்பூச்சுக்குக் கிடையாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இக்காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து இராமேசுவர யாத்திரை போகிறவர்கள் பலர். மதுரையில் மீனாட்சியைத் தரிசித்துவிட்டு, இரவோடிரவாக வண்டியேறி, விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் நீராடித் திரும்புவதே அவர்கள் வழக்கம். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். போகும் வழியில் இராமநாதபுரத்தில் ஒரு பொழுது இறங்குங்கள். ஸ்டேஷனில் அரண்மனை என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். பகல் வெளிச்சம் உள்ளே வரும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று, அடிக்குறிப்புத் தமிழை அவர்களைக் கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். சுவரில் கை வைக்க வேண்டாம், சாய்ந்து நிற்க வேண்டாம். பெயர் கீறும் பாவத்தை யாரும் செய்யக் கண்டால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.